கண்ணாடி, குளிர், மூச்சு

எங்கள் கலைக்கூடத்தின் உணவகத்துக்கு முதல் முறையாக வருகிறவர்கள் மேசையில் உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: இங்கே சமையல் வாசமே வரவில்லையே. அந்தப் பாராட்டு எனக்குரியது, இன்ஸ்பெக்டர். ஆனால் யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. ஓவியக்கூடங்களில் காற்றைச் சற்று அழுத்தமாகவும் சமையலறையில் சற்று இளக்கமாகவும் வைத்தால், காற்று எப்போதும் ஓவியங்களிடமிருந்து அடுப்பை நோக்கியே போகும். ஒருநாளும் திரும்பி வராது. வாசனை தானாக நடந்து வராது, காற்று தூக்கி வந்தால்தான் உண்டு. இருபது வருடமாக அந்தக் கலைக்கூடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டது கோல்தோ சுபெல்தியாவைப் பற்றி. அவரிடம்தான் வருகிறேன். குளிரறை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும்.

புனிதர்களின் பழைய மரச்சிலைகளுக்குள் புழு இருக்கும். மருந்து அடித்தால் வண்ணம் உரிந்துவிடும். அதனால் சிலையைக் கடுங்குளிரில் சில வாரம் வைப்போம். புழு செத்துவிடும், புனிதருக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் குளிரறையும் முதலில் என்னோடு அடித்தளத்தில்தான் இருந்தது. இயக்குநர் இத்சியார் அம்மையார் வந்த பிறகு, சாப்பிடுகிறவர்கள் பார்த்து ரசிக்கட்டும் என்று அதை மேலே, உணவகத்தை ஒட்டிக் கட்டச் சொன்னார். உணவகத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் குளிரறை. மூன்று அடுக்குக் கண்ணாடி. சத்தம் கடக்காது. அடுக்குகளுக்கு நடுவே முடி போன்ற கம்பிகள் ஓடும். அவை கண்ணாடியை லேசாகச் சூடாக்குவதால் பனி படியாது. ஐஸ்கிரீம் கடைக் கதவு எப்போதும் தெளிவாக இருப்பதும் இதனால்தான். நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

கோல்தோ அந்த உணவகத்தின் தலைமை ஷெஃப். பெரிய உடம்பு, பெரிய குரல். ஒருமுறை உணவுத் திருவிழாவில் கழுத்துவரை உப்புக்குள் புதைந்து கிடந்து, வந்தவர்களைத் தன் தலையைச் சுற்றி மீன் சுட வைத்தவர். அவருக்கு ஒரு தேவை இருந்தது. சமைக்காத நெத்திலியைப் பரிமாற வேண்டுமென்றால் அதை முதலில் உறைய வைக்க வேண்டும் என்பது சட்டம். மீனுக்குள்ளும் சின்னப் புழு உண்டு. வயிற்றுக்குள் போனால் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். சமையலறையில் இடம் போதவில்லை என்று அவர் மீன் பெட்டிகளை என் குளிரறையில், புனிதர்களின் காலடியில் அடுக்க ஆரம்பித்தார்.

அது கூடாது என்று நான் போய்ச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஏம்பா ஐஸ்பெட்டி, உன் சாமிக்கும் என் மீனுக்கும் ஒரே வியாதிதானே? ரெண்டுக்கும் புழு. ஒரே ஆஸ்பத்திரியில கெடக்கட்டுமே."

சமையலறையே சிரித்தது. அதிலிருந்து என் பெயர் ஐஸ்பெட்டி. சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் சிரித்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் அடுத்த செய்தி வந்தது. குளிரறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கரி அடுப்பு வைக்கப்போகிறார்கள். விருந்தினர் கண்ணெதிரே மாட்டிறைச்சி சுடுவது. சிலைகள் நகருக்கு வெளியே ஒரு கிடங்குக்குப் போகும், அவற்றோடு நானும். கரிப்புகையின் எண்ணெய்த்துளி எவ்வளவு சிறியது, அது ஓவியத்தின் மேல் எப்படி ஒட்டும், எத்தனை வருடம் கழித்துத் தெரியும் என்று இயக்குநருக்கு வரைந்து காட்டினேன்.

"லாசா, நீங்க ரொம்ப நல்லா விளக்குறீங்க," என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஊர்ல இருந்து ஜனங்க கோல்தோ சமையலுக்கு வர்றாங்க. உங்க காத்துக்கு யாரும் டிக்கெட் எடுக்கிறதில்ல."

இயக்குநரின் அறையில் இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டும் என் பின்னால் மூடியது போல இருந்தது. அவ்வளவுதான். கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை என்பதை என்னோடு வேலை பார்த்த யாரிடமும் கேட்கலாம்.

அதே வாரம் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு கலைஞர் பெண் நிகழ்த்துகலை செய்துகொண்டிருந்தார். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று அழுவார். காவலாளி ஒருவர் மனசு கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இயக்குநர் எல்லா ஊழியரையும் கூட்டி வைத்து அவரைக் கண்டித்தார். "பக்கத்துல அட்டை இருக்குல்ல? படிக்கத் தெரியாதா? அட்டை இருந்தா அது கலை. கலைல கைவைக்கக் கூடாது." அட்டை என்றால், ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் சுவரில் ஒட்டியிருக்குமே, தலைப்பு, கலைஞர் பெயர், பொருள்கள், அது. அன்றைக்குப் பரிமாறுகிறவர்களும் இருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரு சிறு அட்டை எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பணியில் இருபது வருடம் முடித்தவர்களுக்குக் கலைக்கூடம் ஒரு பரிசு தரும்: உணவகத்தில் ஒருவருக்கு மதிய விருந்து. ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடிச் சுவருக்கு நேர் எதிரே மேசை. அது சைடர் என்ற ஆப்பிள் மதுவின் காலம். ஞாயிறுதோறும் கோல்தோ மதியப் பரிமாறலைத் துணை ஷெஃப் நெரேயாவிடம் விட்டுவிட்டு, நண்பர்களோடு மலைப்பக்கம் சைடர் குடிக்கப் போய்விடுவார். கிளம்பும் முன் குளிரறையிலிருந்து மீன் பெட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். முதல் பெட்டியைக் கொடுத்தார். இரவுக்கான இரண்டாவதை எடுக்கத் திரும்பவும் உள்ளே போனார்.

நான் அவரை உள்ளே அனுப்பவில்லை. கதவையும் நான் மூடவில்லை. அது தானாக மூடிக்கொள்ளும் கதவு. உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. அதை அன்று காலை பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தேன். அவரிடம் கைபேசி இல்லை. பரிமாறும் நேரத்தில் யாரும் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. அவரும் கிளம்பும்போதுதான் அலமாரியிலிருந்து எடுப்பார்.

முதல் தட்டு நெத்திலி. எண்ணெயும் வினிகரும் மட்டும். உண்மையைச் சொல்ல வேண்டும், மிக நன்றாக இருந்தது.

அவர் கண்ணாடியைத் தட்டத் தொடங்கியபோது பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பெர்மெயோ என்ற துறைமுக ஊரிலிருந்து வந்தவர்கள். பெனிதா என்ற வயதான அம்மா, அவருடைய மகன் யோன், மருமகள். அம்மாவுக்கு அன்று பிறந்தநாள்.

"டேய் யோன், அங்க பாரு. அந்த ஆளு எதுக்குக் கண்ணாடிய அடிக்கிறான்?"

"அது கலைம்மா. எல்லா மியூசியத்துலயும் இப்படி வெப்பாங்க."

"கலையா? அரைக்கைச் சட்டையோட நிக்கிறான்டா."

பரிமாறிய பையன்கள் அவரை அடையாளம் கண்டார்கள். உனாய் என்பவன் என் மேசையில் ரொட்டி வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அருகே போய் அங்கே ஒட்டியிருந்த அட்டையைப் படித்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "அண்ணே, இது உங்க வேலையா? எங்ககிட்டகூடச் சொல்லலையே. ஷெஃப் சைடர் குடிக்கப் போயிட்டார்னு நெனச்சோம். மனுசன் என்னமா நடிக்கிறாரு." அடுத்த மேசைக்கும் போய்ச் சொன்னான். உப்புக்குள் புதைந்து கிடந்த கதையையும் சேர்த்துச் சொன்னான்.

அப்போதுதான் கோல்தோ என்னைப் பார்த்தார். கையை நீட்டி என்னைச் சுட்டிக் காட்டினார், திரும்பத் திரும்ப. வாய் அசைந்துகொண்டே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர் கை நீட்டிய திசையில் திரும்பினார்கள். யாரோ கை தட்டினார்கள், பிறகு பலர். எழுந்து நிற்கச் சொன்னார்கள். உட்கார்ந்தே இருந்தால் மரியாதையாக இருக்காது. எழுந்து நின்றேன்.

அடுத்தது உப்பிட்ட காட் மீன், அதன் வெள்ளைக் குழம்போடு. அந்தக் குழம்பு எப்படி உருவாகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அதில் அலுப்பே வராது. மாவு கிடையாது, முட்டை கிடையாது. மீன்தோலில் ஒரு பசை இருக்கிறது. மிதமான சூட்டில் சட்டியை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பசையும் எண்ணெயும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியாகும். ஆட்டுவதை நிறுத்தினால் பிரிந்துவிடும். உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான். நடுங்குவது என்பது உடம்பு தன்னைத் தானே ஆட்டிச் சூடு உண்டாக்குவது. நடுக்கம் நின்றதும் பார்க்கிறவர்கள், பரவாயில்லை, பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். யோனும் அதைத்தான் சொன்னார்.

"பாருங்கம்மா, இப்ப அமைதியா உக்காந்துட்டாரு. சும்மா பயந்தீங்க."

பெனிதா அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "உங்கப்பன் கப்பல்ல போனப்ப குளிர்ல விறைச்ச ஆளுங்களப் பாத்தவ நான். இவன் மூஞ்சி அந்த மாதிரி இருக்கு."

"ஐயோ அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றி மெல்லக் கண்ணாடியை நோக்கிப் போனார். குளிரறைக் கதவு கண்ணாடியின் இடது ஓரத்தில் இருக்கிறது. பூட்டு கிடையாது. வெளியிலிருந்து ஒரு விரலால் அழுத்தினால் திறக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவு அன்று மதியம் முழுவதும் அத்தனை பேருக்கும் திறந்தே இருந்தது என்றுதான் சொல்வேன்.

அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். உள்ளே கோல்தோ தலையைத் தூக்கி, தன் கையை அதே இடத்தில் மறுபக்கம் வைத்தார். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்ததால் அந்த அம்மா குழம்பியிருக்க வேண்டும். அந்தக் கம்பிகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. பிறகு இடது பக்கம் திரும்பினார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் அட்டை இருந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்து வாசித்தார். மெதுவாக, உதடு அசைய வாசித்தார். "விருந்து முடியும்வரை நிகழும். நிகழ்த்துபவரின் சைகைகளுக்குத் தயவுசெய்து பதில் அளிக்க வேண்டாம்." கண்ணாடியிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். தவறு செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லை என்று தலையசைத்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. மகன் அவருக்குப் பத்சரான் மது வாங்கிக் கொடுத்தார்.

கடைசியாகப் பாலில் ஊறவைத்துப் பொரித்த ரொட்டி வந்தது. அப்போது சிலர் கண்ணாடிப் பக்கம் பார்ப்பதைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தார்கள். விருந்தில் யாருக்கும் சங்கடம் வரக் கூடாது என்பது அந்த இடத்தின் முதல் விதி. எழுந்து சுவரோரப் பெட்டியைத் திறந்தேன். அதில் இரண்டு விசைகள் உண்டு: ஒன்று குளிரை நிறுத்தும், மற்றது கண்ணாடியின் சூட்டை நிறுத்தும். நான் இரண்டாவதைத் தொட்டேன்.

அதன்பின் நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து பனிப்பூக்கள் கிளம்பின. இலை, இலையிலிருந்து காம்பு, காம்பிலிருந்து இன்னோர் இலை. கொஞ்ச நேரத்தில் அவர் உட்கார்ந்திருந்த இடம்வரை படர்ந்தது, பிறகு அதற்கு மேலும். பனி உருவாக ஈரம் வேண்டும். அந்த அறையின் காற்றில் ஈரமே கிடையாது, நான்தான் அப்படி வைத்திருந்தேன். அந்தப் பூக்கள் முழுக்க அவருடைய மூச்சு. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பெனிதா அம்மாவைத் தவிர.

மாலையில் நெரேயா மீன் எடுக்கக் கதவைத் திறந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான் மறைக்கவில்லை. குமிழ் என் சட்டைப் பையில்தான் இருந்தது, சாப்பிடும்போதும். ஓவியங்களுக்காகவும் சிலைகளுக்காகவும் செய்தேன். ஒருவர் இல்லாமல் போனால் கரி அடுப்பும் இல்லாமல் போகும், ஓவியக்கூடங்கள் இன்னும் பல தலைமுறைக்குச் சுத்தமாக இருக்கும். நிதானமாக யோசித்தால் நீங்களும் இதே முடிவுக்குத்தான் வருவீர்கள். சிலைகள் மீது அவ்வளவு அக்கறை என்றால் சனிக்கிழமையே அவற்றை ஏன் குளிரறையிலிருந்து வெளியே எடுத்துப் போட்டேன், புழு இன்னும் சாகாத நிலையில், என்று கேட்டீர்கள். எடுக்க வேண்டியிருந்தது. அவை பார்வையை மறைத்தன.

அட்டையில் என் பெயரைப் போட்டது ஏன் என்றும் கேட்டீர்கள். அதில் வீம்பு எதுவும் இல்லை. பெயர் இல்லாமல் அட்டை வைக்கக் கூடாது என்பது கலைக்கூடத்தின் விதி. "எனெக்கோ லாசா. கண்ணாடி, குளிர், மூச்சு." வேறு பெயர் போட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அட்டையைச் சாட்சிப் பொருள் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் உள்ளுக்குள் வியர்க்கும், ஈரம் வெளியேற வழியில்லாமல் காகிதத்துக்கே திரும்பும், மை கலங்கும். கோல்தோவின் உடைகளை எப்படி வைத்தாலும் எனக்குச் சம்மதம். அட்டையை மட்டும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். என் பெயர் அது ஒன்றில்தான் இருக்கிறது.