பதினெட்டாம் பிளாக் ரங்கூன் மல்லி

இலையைக் கழுவாவிட்டால் ரங்கூன் மல்லிக் கொடிக்கு மூச்சு முட்டும், சார். நம் ஊர் அனல்மின் நிலையச் சாம்பல் அப்படி. வேருக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் போதாது. இருபத்தாறு வருஷமாகக் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் வாளி அந்த இலைகளுக்குத்தான். இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் சாயங்காலம் வெள்ளையாக விரிந்து மூன்றாம் நாள் சிவப்பாகத் தொங்கும் பூவைப் பார்த்தால் விட மனசு வராது.

என் பெயர் ராஜாம்பாள். ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கத்தான் வந்தேன். அந்தப் பதினெட்டாம் பிளாக் வீட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அது என் வீட்டுக்காரர் தனகோடிக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ். நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை. போன மே மாசம் ரிட்டையர் ஆக வேண்டியவர். ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு கட்டி வைத்திருந்தார். கொடியை என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒரு கொம்ப ஒடிச்சி அங்க நட்டுக்கோ. இது கம்பெனி வூடு" என்றார்.

கோபமில்லை, சார். நல்ல மனிதர்தான். அடிமரம் என் தொடைப் பருமன் இருந்தது. அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. மூன்று பதியன் போட்டேன். மூன்றும் பட்டுப்போயின.

சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று எங்கள் பிளாக்கில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். எங்கள் குமரவேல் பதினோரு வருஷமாக கான்ட்ராக்டில் அல்லாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலை வந்தால் வீடு இருக்கும், கொடியும் இருக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

அவர் ரிட்டையர் ஆக இருபது நாள் பாக்கி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தார். அவருக்கு இழுப்பு உண்டு. வந்ததும் இன்ஹேலரைத் தேடுவார். அன்றைக்கு அதை நான் எடுத்து இடுப்பில் செருகி வைத்திருந்தேன். ஏணியில் நின்று கொடியைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"மூச்சு முட்டிக்கினு வருது, ராஜா. அத்த எடு."

"கட்டிட்டு வந்துர்றேங்க" என்றேன்.

இன்னும் நாலு கிளை இருந்தது. நிதானமாகக் கட்டினேன். இறங்கியபோது நீட்டிய கை படியில் கிடந்தது. இலையில் சாம்பல் படிந்திருந்தது. அதையும் கழுவிவிட்டுத்தான் பக்கத்து வீட்டு உமாராணியைக் கூப்பிட்டேன்.

குமரவேலுக்கு வேலை வந்தது. கடைசி கிரேடு. அந்த கிரேடுக்கு இந்த வீடு கிடையாதாம். வேறு பிளாக்கில் சின்னதாக ஒன்று கொடுத்தார்கள். கிரேடு பார்த்துத்தான் வீடு தருவார்கள் என்பது இத்தனை வருஷம் அங்கே இருந்த எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்குப் பிறகு அங்கே குடிவந்த வைத்திலிங்கம், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நேற்று கொடியை அடியோடு வெட்டிவிட்டார்.

அலுத்துவிட்டது, சார். என்னை எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன். முதலில் என் புகாரை எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு விடுகிற ஒன்றைச் சாகடிக்க எப்படிக் கை வந்தது என்று அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.