பச்சைச் சுரப்பி

அட, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா, தட்டுல வாந்தி எடுத்துறாத. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து அறுக்கறதுக்கு, பெரிய எறா கணக்கா இருக்கற இந்த ஒரு கிராஃபிஷ்தான் குடுத்திருக்காரு கிட்ரி சார். இது மருந்து வாடைதான், கெட்ட வாடை இல்ல. மேடமா? அதெல்லாம் வேணாம், ஓடெட்னே கூப்பிடு. நரைச்ச தலையோட காலேஜுக்குள்ள வந்தா ஆளாளுக்குப் பிரின்ஸிபால்னு நெனச்சு வழி விடறாங்க.

மினசோட்டாவா நீ? அப்ப இத தின்னதே இல்லையா? அய்யோ பாவம். இங்க லூசியானாவுல சீசன் வந்தா மூட்டை மூட்டையா அவிச்சு, மேசைல பேப்பர விரிச்சுக் கொட்டி, வால உரிச்சுத் தின்னுட்டுத் தலைய உறிஞ்சுவோம். சரி சரி, சொல்லல. மூச்ச விடு.

கத்திரியக் குடு. முதுகு ஓட்ட பின்னாலேர்ந்து கண்ணு வரைக்கும் மேலாக்க வெட்டணும். ஆழமாப் போனா இதயம் கிழிஞ்சிரும். ம், ஓட்டத் தூக்கு. இந்த மஞ்சக் கொழகொழப்பத்தான் நாங்க கொழுப்பு கொழுப்புன்னு உறிஞ்சிட்டிருந்தோம். கல்லீரலும் கணையமும் சேந்த மாதிரி ஒண்ணாம். சார் சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா சனிக்கெழம மறுபடி தின்னேன்.

இது வயிறு. உள்ள பல்லு இருக்கு பாரு. எங்க அக்கா வெல்மாவுக்கும் அங்கதான் பல்லு. வெளிய தெரியாது. அம்மாவ அடக்கம் பண்ணின மறுநாளே வந்து, அம்மாவோட பெரிய அலுமினியச் சட்டிய வண்டில ஏத்திட்டுப் போனா. ஒரு வார்த்த கேக்கல. அதுலேர்ந்து பேச்சே இல்ல. சர்ச்சுல பாத்தா ரெண்டு பேரும் சாமிய மட்டும் பாப்போம். ஒரு சட்டிக்கா இவ்ளோன்னா? நீ அந்தச் சட்டியப் பாத்ததில்ல.

வயித்த மெல்ல ஒதுக்கு. மீசை மொளைக்கிற எடத்துக்குக் கீழ... ஆங், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பச்சைச் சுரப்பி. நம்ம கிட்னி பாக்குற வேலைய இதுக்கு அதுதான் பாக்குது. ஒண்ண வெளிய எடுக்கணும். முடியலையா? குடு, நான் எடுக்கறேன். வந்துருச்சு. இவ்ளோதான்.

அடுத்த வாரம் மட்டிச் சிப்பிய அறுக்கறப்ப நான் இருக்கமாட்டேன், எனக்கும் சேத்துப் படம் போட்டு வை. ஊருக்கெல்லாம் இல்லம்மா, ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். அதான் வம்பாப் போச்சு. வெல்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. தம்பியோடது சேரல, என்னோடது சேருது. திங்கக்கெழம என்னோட இடப்பக்கத்த எடுத்து அவளுக்கு வைக்கறாங்க. உள்ள கை விட்டு என்னதான் பண்ணுவாங்கன்னு ஒருதடவ பாத்துரலாம்னுதான் இந்த வகுப்புலயே சேந்தேன்.

அவ என்ன சொன்னாளா? டாக்டர் போய் விஷயத்தச் சொன்னதும், ஏன், வேற யாரோடதும் கெடைக்கலையான்னு கேட்டாளாம்.

நானும் அவருகிட்ட மொதல்ல அதேதாம்மா கேட்டேன்.