நான்காம் எண் குழாயின் காவலருக்கு

ஆரணி மண்ணின் அருந்தொண்டரே, கழிவின் காவலரே, நிலத்தடி நீரின் நெஞ்சம் அறிந்த நேர்மையாளரே, இன்று பணி ஓய்வு பெறும் சுப்பராயலு ஐயா அவர்களே, வணக்கம்.

இந்நகரத்தின் நாளைய தலைமுறைக்காக இமைக்காமல் விழித்திருந்த கண்கள் இரண்டு உண்டென்றால், அவை தங்கள் கண்களே. அவற்றுள் வலக்கண்ணில் போன பங்குனியில்தான் புரை எடுத்தார்கள்.

இனி, அவையோர் அறிய அன்னாரின் வரலாறு.

சேத்துப்பட்டு சாலையோரம் முப்பது வருடக் குப்பையைக் கொட்டிக் குவித்து, 1991-இல் மண் போட்டு மூடி, மேலே புல்லும் விதைத்தார்கள். மூடினால் மட்டும் போதாது, உள்ளே ஊறும் சாறு நிலத்தடி நீரில் இறங்குகிறதா என்று பல்லாண்டு பார்க்கவேண்டும் என்றது விதி. மேட்டைச் சுற்றி ஆறு கண்காணிப்புக் குழாய்கள் இறக்கினார்கள். மாதம் ஒரு முறை ஆறிலும் நீர் எடுத்து, ஆறு பாட்டில்களில் நிரப்பி, வேலூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் பொறுப்பு 1992-இல் சுப்பராயலு அவர்களிடம் வந்தது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு பாட்டில் குறைந்ததில்லை.

சந்தேகமே அன்னாருக்குச் சம்பளம் வாங்காத உதவியாளர். மேட்டில் மேய்ந்த ஆட்டைச் சந்தேகித்தார். ஆட்டை ஓட்டி வந்தவரைச் சந்தேகித்தார். பாட்டில் மூடியையும், அதைத் திருகிய தம் விரலையும் சந்தேகித்தார். குழாய்க்குள் எவனாவது எதையாவது ஊற்றிவிடுவான் என்று, அதிகாரி வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், ஆறுக்கும் பூட்டுப் போட்டுச் சாவிகளை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

"இன்னா சார், குப்பையைப் போயி எவன் திருடப் போறான்?" என்றார் எங்கள் ஃபிட்டர் ஜெயவேல்.

"திருடமாட்டான்டா. சேர்ப்பான். அதான் பயம்."

நான்காம் குழாய்க்குப் பக்கத்துத் தெருவில், வீட்டிலேயே அடுப்பு வைத்துப் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுபவர் தேவகி அம்மாள். அவர் கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்த நூல் எந்த நிறத்துக்குப் போட்டாலும் வேறொரு நிறமாய் எழுந்தது. ஒரு நாள் ஈர நூல் சிட்டத்தோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"மாம்பழக் கலர் கேட்டாங்க சார். பாருங்க, மாட்டு மூத்திரமாட்டம் வந்துகினு இருக்குது. முள்ளிப்பட்டுக்காரங்க இனிமே நூலே தரமாட்டேன்றாங்க. எங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி குடுங்க."

"கெணத்து மேல பழி போடாதம்மா. நாலாம் நம்பரு எளநி மாதிரி இருக்குது. ரிப்போர்ட்டே சொல்லுது" என்றார் அன்னார்.

"ரிப்போர்ட்டா சார் சாயம் காச்சுது?"

மூன்று முறை மனுக் கொடுத்தார். நான்காம் எண்ணின் நற்சான்றைக் காட்டி மூன்றையும் திருப்பி அனுப்பினோம். நூல் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறை தேடிப் போனார்கள்.

அன்னாரின் சந்தேகம் அந்த அம்மாளுக்கும் தொற்றியது. நான்காம் குழாயின் பூட்டையும் மூடியையும் சேர்த்து ஒற்றைப் பட்டிழை சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இணைக்க நெசவாளர்கள் போடும் முடிச்சு அது. கண்ணுக்குத் தெரியாது, பழகாத விரலுக்கு வராது. ஒரு வருடம் காத்திருந்தார். இம்மாதத் தொடக்கத்தில் தம் கடைசி மாதிரிகளை எடுக்க மேட்டுக்கு வந்த அன்னாரை நான்காம் குழாயடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். இழை தூசி படிந்து அப்படியே இருந்தது.

"போன வைகாசில கட்டினேன் சார். மாசாமாசம் ரிப்போர்ட்டு வந்துகினுதான் இருந்துது. நூலு மட்டும் அறுவவே இல்ல."

"யாராவது அறுத்துட்டுத் திரும்பக் கட்டியிருப்பாங்க."

"யாரு, நீங்களா? எங்க முடிச்சு உங்களுக்கு வராது சார்."

எல்லாரையும் சந்தேகித்த அன்னார், தம்மை ஒருவர் சந்தேகிக்கக்கூடும் என்று மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். 1999 மழையில் அந்தப் பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிற்று. வேண்டாம் என்ற பூட்டைத் தாமே போட்டுவிட்டு, அதை உடைக்க அனுமதி கேட்டு எழுத அன்னாருக்குக் கூச்சம். இந்த ஒரு மாதம் மட்டும் என்று பாட்டிலை வேறு இடத்தில் நிரப்பினார். அந்த ஒரு மாதம் ஏழு வருடம் நீடித்தது.

"எங்கருந்து சார் புடிச்சீங்க?"

"ஆபீஸ் பானைலருந்தும்மா. நாங்க குடிக்கிற தண்ணி. சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

ஓய்வுக்கு மூன்று வாரமே இருக்கையில், ஓய்வூதியம் சிக்கலாகும் என்று தெரிந்தே, இவ்வளவையும் தம் கைப்பட எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தார். அன்னாரின் பணிக்காலத்தில் நாங்கள் மெய்யாகவே எழுந்து நின்று பாராட்டவேண்டிய செயல் அது. அன்று நாங்கள் உட்கார்ந்துதான் இருந்தோம்.

ஜெயவேல் ரம்பம் போட்டுப் பூட்டை அறுத்தார். டீ டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. அன்னார் பாட்டிலை நிரப்பினார். தேவகி அம்மாள் அதன் வாயில் இழை சுற்றி முடிச்சுப் போட்டார்.

முடிவுகள் இரண்டு, நேற்று ஒரே தபாலில் வந்தன. நான்காம் குழாய் நீர் எதற்கும் ஆகாது என்றது ஒன்று. அதன் பேரில் அத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட உத்தரவாகிவிட்டது. நேற்று மாலையே பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். உத்தரவின் நகலைத் தேவகி அம்மாள் வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைச் சுரண்டிப் பார்த்த பிறகே வாங்கிக்கொண்டார். இன்னொரு முடிவு, போன மாதம் அன்னார் வழக்கம்போல் ஆபீஸ் பானையில் நிரப்பி அனுப்பியிருந்த பாட்டிலுக்கு உரியது. அந்த நீரைக் குடிக்கக் கூடாது என்று அதில் சிவப்பு மையில் கோடிட்டிருந்தது.

ஐயா, தாங்கள் குன்றாத உடல்நலத்தோடும் குறையாத சந்தேகத்தோடும் நூறாண்டு கடந்து வாழவேண்டும் என்று, காய்ச்சி ஆறவைத்த நீரைக் கையில் ஏந்தி வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
மூடிய குப்பைமேட்டுக் கண்காணிப்புப் பிரிவின் பணியாளர்கள் பதினொருவர்.
ஆரணி, 30.6.2006

பன்னிரண்டாமவரான ஃபிட்டர் ஜெயவேல் வயிற்றுப்போக்கு காரணமாகக் கையெழுத்திட வரவில்லை.