உரிமையாளர் அனுமதித்தார்

குளிக்கிற வெந்நீர் நாற்பது டிகிரிக்கு மேல் போகவேண்டிய அவசியமே இல்லை, ஐயா. அதற்கு மேல் போனால் தோல் வறண்டுவிடும். கீசர் மாட்டிக் கொடுக்கிற எல்லா வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு, நான் படி இறங்குவதற்குள் ஐம்பதில் வைத்துவிடுவார்கள். சொன்னால் கேட்கிற காலம் இல்லை இது.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. போன வாரம் நீதிமன்றத்தில் உங்கள் அறையில் நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் 'ஆத்திரத்தில்' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். என் வக்கீலோ, "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், அந்த ஒரு வார்த்தைதான் உங்களுக்குக் கை கொடுக்கும்" என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. என் தங்கை வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது எதுவும் ஆத்திரத்தில் நடந்தது அல்ல. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். முதலில் சாதாரண வயரிங் வேலை. ஏழு வருஷமாக, போனிலிருந்தே திறந்து மூடுகிற பூட்டு, தானாக எரிந்து அணைகிற விளக்கு, ஏசி, கீசர், பேசினால் பதில் சொல்கிற ஸ்பீக்கர், இவற்றை வீடுகளில் மாட்டி இணையத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் எடை பார்க்கிற தட்டுகூடப் போனோடு பேசுகிறது. மனிதர்கள்தான் பேசிக்கொள்வதில்லை.

அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது எனக்கு இருபத்தொன்று, தங்கைக்கு ஒன்பது. அந்த வருஷமே அவளுக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று பதினோரு நாள் எண்ணினேன். பிழைத்துக்கொண்டாள். எண்ணுகிற பழக்கம் மட்டும் எனக்கு நிற்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படிக்க வைத்தேன், அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனாள், அங்கே ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வந்து பழக்கமான ஒருவரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். சரி என்றேன்.

மாப்பிள்ளை பல் கட்டுபவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, அவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்து கொடுப்பார். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற ஆள். வேடிக்கையாகப் பேசுவார். "மச்சான், ஊர்ல பாதிப் பேரு சிரிக்கிறது என் சிரிப்பு" என்பார். கெட்டவர் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன்.

அவர்கள் குடிபோன இரண்டாவது மாடி வீட்டுக்கு எல்லாவற்றையும் நானே மாட்டிக் கொடுத்தேன். கல்யாணப் பரிசு. திருட்டுப் பயத்தைச் சொல்லிப் படுக்கையறைக் கதவுக்கும் பூட்டு போட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோதித்துப் பார்ப்பதற்காக முதலில் எங்கள் போன் எண்ணையே உரிமையாளர் என்று பதிந்துகொள்வோம். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரின் எண்ணுக்கு மாற்றிவிட்டு வரவேண்டும். தங்கை வீட்டில் அன்று மாற்ற மறந்தேன். மறுநாள் காலை என் போனில், அவர்கள் வாசல் கதவு எட்டு பத்துக்குத் திறந்து மூடியது என்று வந்தது. வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது. மனசு லேசாக இருந்தது. அதற்குப் பிறகு மறக்கவில்லை, மாற்றவில்லை.

ஆறு மாதம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சின்னச் சின்ன உதவிகள். பத்தரைக்கு மேல் டிவி ஓடினால் அணைத்துவிடுவேன். அவளுக்குத் தூக்கம் போதாவிட்டால் தலைவலி வரும். ஏசியை இருபத்தாறுக்கு ஏற்றிவிடுவேன். மாப்பிள்ளை இருபதுக்கு இறக்குவார். நான் ஏற்றுவேன். வீட்டில் ஏதோ கோளாறு என்று என்னையே கூப்பிட்டார்கள். போய், ஏணி போட்டு ஏறி, திருகாணியைக் கழற்றி அதையே திரும்ப மாட்டி, டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். வெளியே நல்ல மழை. குடை எடுத்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவைப் பூட்டி வைத்தேன்; உரிமையாளர் போட்ட பூட்டு உள்ளேயிருந்து திறக்காது. நாற்பது நிமிஷம் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். மழை விட்டதும் திறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை செய்தார் என்று அவள் நினைத்தாள். டிவியும் ஏசியும் அவள் வேலை என்று அவர் நினைத்தார். இப்படித்தான் அவர்களுக்குள் சண்டை ஆரம்பித்தது. ஸ்பீக்கர் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும்.

"வீட்ல நீ ஒருத்தி, நான் ஒருத்தன். நான் தொடல. அப்ப யாரு, பேயா வந்து ஏசிய மாத்துது?"

"என்னைப் பைத்தியம்னு சொல்லிடுங்க, முடிஞ்சுது."

அவள் அழுதாள். ஸ்பீக்கரில் அழுகை அழுகையாகக் கேட்காது. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். நிமிஷத்துக்கு முப்பத்துநாலு. சின்ன வயசில் அந்த மருத்துவமனையில்கூட முப்பத்திரண்டுக்கு மேல் போனதில்லை. என் தங்கையை ஒருவர் அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்றால், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?

தங்கை ஆறரைக்குக் குளிப்பாள், மாப்பிள்ளை ஏழு இருபதுக்கு. ஏழு பதினெட்டுக்குக் கீசரை எழுபது டிகிரியில் வைத்தேன்; சட்டென்று சூடாகிற ரகம் அது. எழுபதில் தோல் வெந்துபோக ஒரு விநாடி போதும். குழாய்க்கு முதுகைக் காட்டி நின்றதால் முகம் தப்பியது. இடது தோளும் முதுகும் போயின. அவர் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே தெருவுக்குக் கேட்டிருக்கும். மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.

"வாங்க மச்சான். உங்க கீசர் என்னை உயிரோட அவிச்சிடுச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மாட்டினதுன்னு இங்க யார்கிட்டயும் சொல்லல. உங்க தொழிலுக்குக் கெட்ட பேரு வந்துடும்" என்றார்.

அந்த நல்ல குணம் அவரிடம் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து, விரலை விட்டுப் பார்த்துத்தான் குளித்தார். இரண்டு மாதம் அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. பலன் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

நான் தவறியது ஒரு பல்பில். மாப்பிள்ளை தானே, போனில் எரிந்து அணைகிற ஒரு பல்பு வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். புதிதாக எதைச் சேர்த்தாலும் உரிமையாளரின் போனுக்கு, அனுமதிக்கலாமா என்று கேள்வி வரும். நான் ஒரு பேக்கரியில் ஏணி மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். தினமும் வேலை முடியாத எத்தனையோ வீடுகளிலிருந்து இப்படிக் கேள்வி வரும். காக்க வைத்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று வந்தவுடனே அமுக்கிவிடுவது எங்கள் கைப்பழக்கம். எந்த வீடு என்று பார்க்காமல் அமுக்கினேன். இரண்டே விநாடி.

சாயங்காலம் கூப்பிட்டார். "மச்சான், ஒரு சந்தேகம். புது பல்பு மாட்டினேன். 'உரிமையாளர் அனுமதித்தார்'னு போன்ல வருது. நான் எதையும் அமுக்கல. உங்க தங்கச்சி ஆபீஸ்ல இருக்கா. யாரு அந்த உரிமையாளர்?"

"அது கம்பெனிக்காரங்க போடறது, மாப்பிள்ளை."

"ஓகோ" என்றார். அந்த ஓகோவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நாலே நாளில் பட்டியல் வந்துவிட்டது: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பொருள், எந்த எண்ணிலிருந்து. மழை பெய்த நாள் அதில் இருந்தது. ஏழு பதினெட்டும் இருந்தது.

சனிக்கிழமை மாலை மறுபடி கூப்பிட்டார். குரலில் வேடிக்கை இல்லை, கோபமும் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க மச்சான். என்னால முடிஞ்சதைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டேன். பூட்டுங்களுக்கு உங்க கருவிதான் வேணும். கழட்டிக்கிட்டுப் போயிடுங்க. அப்புறம் இங்க வர வேண்டாம். போலீசுக்குப் போகாதீங்கன்னு உங்க தங்கச்சி கால்ல விழாத குறையா சொல்றா. அதனால போகல."

அவள் போனை வாங்கினாள். "தூங்கறப்பகூடவா கேட்டுட்டு இருந்த?"

"அப்பதாம்மா உன் மூச்சு சரியா இருக்கான்னு தெரியும்" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பூட்டுகளையும் கழற்றிவிட்டால் திங்கட்கிழமை காலை அவள் எழுந்தாளா, கிளம்பினாளா, எதுவும் எனக்குத் தெரியாது. செவ்வாயும் தெரியாது. அதற்கு அடுத்த நாளும் தெரியாது. ஒரு குழந்தையைத் தூக்கி வளர்த்தவனிடம், இனிமேல் அது உயிரோடு இருக்கிறதா என்று நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒரு வெளியாள் சொல்கிறார். அவரிடம் வாதாட என்னிடம் நியாயம் இருந்தது. அவரிடம் பட்டியல் இருந்தது. அவர் இருக்கிறவரை அந்த வீட்டில் எனக்கு வழி இல்லை. இதை நான் சனிக்கிழமையே நிதானமாக முடிவு செய்துவிட்டேன். சுத்தியலையும் அன்றே பையில் வைத்தேன், மற்ற கருவிகளுக்கு மேலாக, எடுக்க வசதியாக.

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தெருமுனையில் வண்டியை நிறுத்தினேன். வைஃபையை அவர் அணைத்துவிட்டிருந்தார். ஆனால் அந்தப் பூட்டுகளுக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது; அது அவருக்குத் தெரியாது. படுக்கையறை ஜன்னல் திரைக்குப் பின்னால் தங்கை தலை துவட்டுவது தெரிந்தது. படுக்கையறைக் கதவு உள்பக்கம் சாத்தியிருப்பதாகப் போன் காட்டியது. அதைப் பூட்டினேன். அவள் பார்க்க வேண்டாம் என்றுதான்.

மாடி ஏறியதும் பழக்கத்தில் வாசல் கதவையும் போனிலேயே திறந்தேன். மாப்பிள்ளை கூடத்தில் ஸ்டூல் மேல் நின்று, கதவு நிலைக்கு மேலே, கழற்றிய ஸ்பீக்கர் விட்டுப்போன பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, நான் வந்து திறக்கவே இல்ல" என்றார். பிறகு, "வந்ததுதான் வந்தீங்க, ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க. ஆடுது."

பிடித்தேன். வாசல் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு இழுத்தேன்.

மல்லாக்க விழுந்தார். வெந்த தோள் தரையில் பட்டதால் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. முதல் அடி காதுக்கு மேலே. இரண்டாவது அடி வாயில் பட்டது. நான் நெற்றியைத்தான் பார்த்து அடித்தேன், அவர் முகத்தைத் திருப்பிவிட்டார். பற்கள் போயின. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வார்த்தை குழறியது. ஆனாலும் புரிந்தது. "அவ உள்ள இருக்கா, மச்சான்" என்றார். அதன்பிறகு பேசவில்லை. மூன்று அடி என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். பிரேதப் பரிசோதனையில் பதினொன்று என்று இருக்கிறதாம். டாக்டர் சொல்வதுதான் சரியாக இருக்கும். கதவு தட்டுகிற சத்தத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும். எனக்கு அது வழக்கமில்லை.

தங்கை உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். "அண்ணா, வந்துட்டியா? கதவு மாட்டிக்கிச்சு. அவர் விழுந்துட்டாரு போல, என்னன்னு பாருண்ணா."

அந்தப் பூட்டில் பேசுவதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. கதவுக்கு வெளியே நின்று கத்துவதைவிட அதில் நிதானமாகக் கேட்கும். போனை வாயருகே வைத்து, "பாத்துட்டுதாம்மா இருக்கேன். நீ கட்டில்ல உக்காரு. அஞ்சே நிமிஷம்" என்றேன்.

தட்டுவது நின்றது. கீழே, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவள் முகம் வைத்துப் பார்த்திருக்கிறாள் என்று பிறகுதான் தோன்றியது. இரத்தம் அந்தப் பக்கம் ஓடியிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அப்புறம் ஜன்னல் கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது மாடி. இரண்டு கணுக்காலும் ஒரு இடுப்பெலும்பும் முறிந்தன. ஜன்னலுக்குப் பூட்டு போடாமல் விட்டது என் தவறு. இந்த வழக்கில் என் மேல் ஒரு குற்றம் உண்டு என்றால் அது அதுதான், அதை ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அவளுக்காகச் செய்தது. கீசரைச் சூடாக்கியதும், கதவுகளைப் பூட்டியதும், மாப்பிள்ளையைச் சுத்தியலால் அடித்துக் கொன்றதும் நான்தான். முன்கூட்டியே யோசித்து, தெளிவான புத்தியோடு செய்தேன். 'ஆத்திரத்தில்' என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தங்கை இப்போது தோழி வீட்டில் ஒரு அறையில் இருப்பதாக வக்கீல் சொன்னார். போன் வைத்துக்கொள்வதில்லையாம். கதவுக்குச் சாதாரண இரும்புத் தாழ்ப்பாள், அதையும் உள்ளேயிருந்து போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாளாம். கால் இன்னும் ஊன்ற முடியாத பெண், ஐயா. யாராவது கெட்ட எண்ணத்தோடு அந்த அறைக்குள் புகுந்துவிட்டால், வெளியிலிருந்து திறந்து அவளைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?