முன்னே முழங்கிப் பின்னே பலிக்கவைத்த தலைமையாசிரியைக்கு

அன்பின் உறைவிடமே! அதட்டலிலும் அருள் சுரக்கும் அன்னையே! செட்டிகுளம் வட்டாரத்து எங்கள் ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தகைசால் தலைமையாசிரியை ஜெகதாம்பாள் அம்மையாரே! வணக்கம்!

எண்ணும் எழுத்தும் ஏழைப் பிள்ளைகளை ஏற்றிவிடும் என எந்நாளும் உழைத்த ஏந்தலே! தங்கள் சிறப்பெல்லாம் அடுக்கினால் இந்தப் பணிநிறைவு விருந்துச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் உரைக்கிறோம்.

நான்காண்டுகளுக்கு முன், தனியார் பள்ளி வேன் தெருத்தெருவாய்ப் பிள்ளைகளை அள்ளிச் செல்ல, முதல் வகுப்பில் மூவரே மிஞ்சினர். பள்ளியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. தாங்களோ வெங்காயப் பட்டறைக்கே சென்று, "ஆங்கிலவழி தொடங்குகிறோம், பிள்ளைகளைத் தாருங்கள்" எனக் கேட்டீர்கள். அங்கே கூலிக்கு வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த வெற்றிச்செல்வி, "டீச்சரு, ஒங்களுக்கே இங்கிலீஷ் வராதுங்களே, எம்புள்ளைக்கு எப்படிங்க வரும்?" என்றார். தலைக்கனம் தினையளவும் இல்லாத தாங்கள், "வராதும்மா. ஒம்புள்ளையோட சேந்து நானும் கத்துக்கிறேன், அனுப்பு" என்றீர்கள். அரைமனதாய் அனுப்பினார்.

எங்கள் இளைய ஆசிரியர் சுதர்சனிடம் தாங்களே பாடம் கேட்டீர்கள். பட்ட பாட்டுக்குப் பலன் வந்துவிட்டால் ஆங்கிலத்தில் 'பெய்ட் ஆஃப்' என்பார்கள் என அவர் சொன்னதும், அதைப் பிடித்த பிடியில் விடவே இல்லை! மோட்டாரில் தண்ணீர் ஏறினால் பெய்ட் ஆஃப். சத்துணவு முட்டை வெந்தால் பெய்ட் ஆஃப்! எந்தப் பிள்ளையும் ஏ, பி, சி தாண்டாத முதல் மாதத்திலேயே, பெற்றோர் கூட்டத்தில், "எங்க உழைப்பு பெய்ட் ஆஃப்!" என முழங்கினீர்கள். "பலன் வந்தப்புறம் சொல்றதுங்க டீச்சர்" என்று சுதர்சன் காதோடு சொன்னதை மைக் ஊருக்கே சொல்லிவிட்டது. கூட்டம் சிரித்தது. தாங்களும் சிரித்து, "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். பலனைக் கொண்டாந்துடுவோம்" என்றீர்களே! அன்று நாங்கள் பயந்துதான் போனோம்.

கொண்டுவந்தீர்கள், கொள்கைக் குன்றே! தரையில் பிள்ளைகளோடு அமர்ந்து, தப்பாய்ப் படித்து, அவர்கள் திருத்தத் திருந்தி, தினந்தோறும் கற்றீர்கள். இன்று வெற்றிச்செல்வியின் மகள் மணிமொழி ஆங்கிலக் கதைப்புத்தகத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறாள். முதல் வகுப்பில் உட்கார இடம் போதவில்லை.

உடல்நலமும் உளமகிழ்வும் ஓங்க, காலைக் காபியை இனியேனும் ஆறுமுன் அருந்தி, நூறாண்டு கடந்தும் நீடு வாழ்க!

வாழ்த்தோடு ஒரு செய்தியும் தருகிறோம். தாங்கள் ஓய்வுபெற்றால் பெற்றோர் பிள்ளைகளை மறுபடி அந்த வேனில் ஏற்றிவிடுவார்களோ எனக் கலங்கியிருந்தோம். சென்ற வாரம் வெற்றிச்செல்வி தம் இளைய மகனைச் சேர்க்க வந்தார். "டீச்சர் ஓய்வுபெறுறாங்க, தெரியும்ல?" என்று கேட்டோம்.

"தெரியும்ங்க. டீச்சரு ரிட்டயர்டு ஆனா என்னங்க? பள்ளிக்கூடம் இருக்குல்ல" என்றார்.

நிம்மதியாய்ச் சென்று வாருங்கள், அம்மா.

என்றும் தங்கள் அன்பு மறவா,
ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள்