சாயத் துணியை என் கிணற்றில் அலசியது

என் பெயர் பாஞ்சாலை, வயது நாற்பத்தாறு, காலஞ்சென்ற அர்ஜுனன் மனைவி. திருவண்ணாமலை தாலுகா, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் சாயப்பட்டறையை ஒட்டிய எங்கள் கொல்லையில் வேர்க்கடலை பயிரிட்டு அங்கேயே குடியிருக்கிறேன். 1987-ஆம் வருடம் ஐப்பசியில் என் கிணறு கெட்டது சம்பந்தமாக மாஜிஸ்திரேட் ஐயா விசாரிக்க, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நான் சொல்வது.

பட்டறை முதலாளி ராஜமாணிக்கம், கார்த்திகை தீபத்துக்கு வரும் ஜனங்களுக்காகக் காவி வேட்டிக்குச் சாயம் போடுபவர். பட்டறைக்குத் தண்ணீர் என் கிணற்றிலிருந்துதான் போகிறது. சென்ற சித்திரையில் அவர் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் மிஷின் ஒன்றை இறக்கினார். தண்ணீர் முதலில் ஒரு துணிப் பையில் வடிந்து, அதன் பிறகு மோட்டார் வேகத்தில் மெல்லிய சவ்வுகளின் ஊடே தள்ளப்பட்டு, ஒரு குழாயில் தெளிந்த தண்ணீராகவும் இன்னொரு குழாயில் கெட்டிச் சாயமாகவும் வரும். தெளிந்தது மறுபடி பட்டறைக்குப் போகும், கெட்டிச் சாயம் சிமெண்டுத் தொட்டியில் வெயிலில் காயும். நல்ல மிஷின்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது வந்த பிறகு என் கிணற்றில் அவர்கள் இறைப்பது பாதியாகக் கம்மியானது.

மிஷினை ஓட்ட வந்தவர் தேவகுமார், ஜைன நயினார் வீட்டுப் பிள்ளை. வடிகட்டாத தண்ணீர் குடிக்க மாட்டார். வடிகட்டிய துணியைத் தண்ணீர் எடுத்த இடத்திலேயே அலசி விடுவார். துணியில் சிக்கிய சிற்றுயிர்கள் தாங்கள் இருந்த தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முதலில் சோதனைக்காக மிஷினில் வெறும் கிணற்றுத் தண்ணீரை ஓட்டியபோது, பையில் சிக்கிய புழு பூச்சியை அவர் என்னைக் கேட்டுக்கொண்டு என் கிணற்றில் அலசினார். நானும் சரி என்றேன். ராஜமாணிக்கம் அதைப் பார்த்து, "நயினாரு புழுவுக்கெல்லாம் வூடு கட்டித் தராரு" என்று சிரித்தார்.

அதன் பிறகு சாயத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அது தேங்கும் தொட்டியிலும் கொசுப்புழு இருந்தது. பையில் அவை நெளிவதைக் கண்டு தேவகுமார், சாயம் ஒட்டிய அந்தப் பையை வழக்கம்போல் கிணற்றிலேயே அலசி வந்தார். பையைச் சிமெண்டுத் தொட்டியில்தான் கழுவ வேண்டும் என்று மிஷின் கொண்டுவந்தவர்கள் சொன்னபோது ராஜமாணிக்கமும் இருந்தார், நானும் இருந்தேன், ஏன் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. கிணற்றில் அலசுவதை முதலாளி பார்த்துக்கொண்டே போவார், ஒரு நாளும் தடுக்கவில்லை.

அதன் பிறகு மழை பெய்தது. தண்ணீர் சிவந்ததைச் செம்மண் கரைந்தது என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் காலையில் கிணற்று மீனெல்லாம் செத்து மிதந்தது. தேவகுமாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இன்னா பண்ணி வெச்சிருக்கே பாரு தம்பி" என்று காட்டினேன். அவர் படியில் இறங்கி, ஒரு மீனைக் கையில் எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "உசுரு போவக் கூடாதுன்னுதான் வுட்டேன்க்கா. நானே கொன்னுட்டேன்" என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. அடிக்க வந்த எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் ராஜமாணிக்கம் வந்து, "வேலைய வுட்டு நிறுத்தறேன்னு சொன்ன ஆத்திரத்துல அவன் விஷம் கலந்துட்டான்னு சொல்லும்மா. உனக்குப் புதுக் கிணறு வெட்டித் தரேன்" என்றார். "புதுக் கிணத்துலயும் இதே ஊத்துதானங்க வரும்?" என்று கேட்டேன். அவர் நேரே போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். போலீசார் தேவகுமாரைப் பிடித்துப் போனார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தேவகுமார் செய்தது முட்டாள்தனம். என் மாடு இன்று அடுத்தவர் கொல்லைக்குத் தண்ணீருக்குப் போகிறது, எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், மிஷின் தண்ணீரைத்தான் தெளிய வைக்கிறது, அழுக்கு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியவர் முதலாளி. என் கிணற்றை இறைத்துத் தூர் வாரித் தர வேண்டியவரும் அவரே.

மேற்படி எழுதியதை வாசித்துக் காட்டியபோது, அலசினார் என்று நான் சொன்ன இடத்தில் "விஷம் கலந்தார்" என்று இருந்தது. போலீசு காகிதத்தில் அப்படித்தான் உள்ளது என்று எழுதுபவர் சொன்னார். "நான் பாக்காததுக்கு நான் எப்பிடிங்க கைநாட்டு வெக்கறது?" என்றேன். ஐயா உத்தரவின்படி அதை அடித்துத் திருத்திய பிறகு, இதில் உள்ளது முழுதும் என் கண் கண்டதும் என் வாய் சொன்னதும்தான் என்று ஒப்பி ரேகை வைக்கிறேன்.

(இடது கைப் பெருவிரல் ரேகை) பாஞ்சாலை