இருபதாவது கேள்வி

யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. சிம்மக்கல்லில், கரியை எரித்து ஓடும் கரி பஸ் சூடாகிக் கிளம்பக் காத்திருந்தோம். எனக்கு முன்சீட்டில் இரண்டு உபதேசியார்கள். ஊர் மாதா கோயில்களில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடக் கேள்வி பதில், சொல்லிக்கொடுப்பவர்கள். டவுனில் பாதிரிச் சாமியாரிடம் ஒரு வாரப் பயிற்சி முடித்துத் திரும்புகிறார்கள்.

“மோட்சம்னா என்னன்னு சாமியார் கேட்டாரு. நான் வாயே தொறக்கலண்ணே,” என்றார் இளையவர்.

“பத்து வருசமா சொல்லிக்குடுக்குற, தெரியாதா?”

“தெரியும்ண்ணே. அது புஸ்தகத்துல இருபதாவது கேள்வி. மொதக் கேள்வியில இருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வாரேன், பதினேழுக்கு வரையில உக்காருன்னுட்டாரு.”

“அப்ப வேலை?”

“அடுத்த மாசமும் இப்பிடின்னா வேற ஆளப் போடுவாராம்.”



“ஊர்ல பிள்ளைக முன்னால எப்பிடிப்பா சமாளிக்கிற?”

“ஊர்ல என்னண்ணே கஷ்டம்? அங்க கேள்வி கேக்குறது நான்தானே.”